மைதானத்துக்கு வர மறுக்கும் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு சொல் ஓயாமல் வரும்: "வெட்கப்படுறா." கடிதத்தை முழுவதும் வாசித்தால் வெட்கத்துக்கு அடியில் வேறு ஒன்று கிடக்கும். பொருந்தாத உள்ளாடை, வெறும் வயிறு, பூட்டிக் கிடக்கும் கழிப்பறை, யாரிடமும் சொல்லாத முழங்கால் வலி. இவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை. இம்முறை மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்கே பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

தரம் 9 மாணவி, தலவாக்கலை: எனக்கு மத்தப் பிள்ளைகளை விட மார்பு பெரிசு. ஓடும்போது வலிக்குது. பையன்மார் பார்த்துச் சிரிக்கிறாங்க. அதனால ஷாலை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் வலைப்பந்துக்குப் போறேன். இது சரியா?

ஷாலை இன்றோடு விட்டுவிடுங்கள், மகள். நெஞ்சை இறுக்கிக் கட்டினால் விலா எலும்பு விரிய இடமில்லாமல் போகும். மூச்சு பாதியில் நிற்கும். இரண்டாவது கால் பகுதியிலேயே நீங்கள் களைத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மார்புக்குள் தசை கிடையாது; கொழுப்பும் சுரப்பியும் மெல்லிய இழைகளும்தான். ஓடும்போது அது மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசையும். வலி வருவது அதனால்தான். பெரிய மார்புள்ள பிள்ளைக்கு மட்டும் வருவதும் இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் அது இயல்பு.

உங்களுக்குத் தேவை அளவான ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா. தையல் நாடாவை எடுத்து மார்புக்குச் சற்றுக் கீழே உடம்பைச் சுற்றி அளவு பாருங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், நாடா முதுகில் தூக்காமல் நேராக இருக்க வேண்டும். பிறகு மார்பின் மிக எடுப்பான இடத்தில் ஒரு அளவு. இரண்டையும் கடதாசியில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடையில் ஆண்கள் நின்றால் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. கடதாசியை நீட்டினால் போதும்.

மாட்டிப் பார்க்கும்போது முதலில் கீழ்ப்பட்டியைக் கவனியுங்கள். தாங்குகிற வேலையின் பெரும்பகுதியைச் செய்வது தோள்பட்டியல்ல, அதுதான். பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக் கை நுழைந்தால் தளர்வு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். பட்டி மேலேறினால் அந்த அளவு வேண்டாம். மேலேயோ கக்கத்துப் பக்கமோ சதை பிதுங்கினால் மார்புக் கிண்ணம் சிறிது, துணி சுருங்கி நின்றால் பெரிது. கடைசியாக, நின்ற இடத்தில் பத்துத் தடவை துள்ளிப் பாருங்கள். துள்ளிப் பார்க்காமல் வாங்கியதுதான் பெட்டிக்குள் சும்மா கிடக்கும்.

நம்முடைய ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. மழைக் காலத்தில் துணி காயாது, அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போடுவோம். அந்தச் சூடு எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும். இரண்டு மாதத்தில் பட்டி தொய்ந்து போகும். பச்சைத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசி, முறுக்கிப் பிழியாமல், காய்ந்த துவாயில் சுருட்டி அமுக்கி எடுத்துக் காற்றாடப் போடுங்கள். இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஈரத்தோடு போட்டால் மார்புக்கு அடியில் சிவந்து அரிக்கும். இப்போதைக்கு வாங்க வழியில்லையா? உங்கள் வழக்கமான பிராவுக்கு மேலே உடம்போடு ஒட்டிய ஒரு பெனியனைப் போடுங்கள். மூச்சு முட்டாமல் ஆட்டம் குறையும்.

சிரிக்கிற பையன்களைப் பற்றி உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அதைத் தடுப்பது ஆசிரியருடைய வேலை. ஆடையை மாற்றித் தீர்க்கும் பொறுப்பை உங்கள் தலையில் போடக்கூடாது.

ஒரு தாய், பொகவந்தலாவை: மகளுக்குச் சடங்கு முடிஞ்சி நாலு மாசம். இனி ஓட்டம் சாட்டம் வேணாம், கர்ப்பப்பை இறங்கிடும்னு மாமியார் சொல்றாங்க. உண்மையா?

இல்லை. இடுப்பெலும்புக்குள் தசைநார்கள் பிடித்து வைத்திருக்கும் கர்ப்பப்பை, பெரியபிள்ளையான சிறுமி ஓடுவதால் இறங்காது. பிற்காலத்தில் பிள்ளை பெறுவதற்கும் இதனால் கேடு இல்லை. மாமியாரிடம் மரியாதையாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: "நீங்க வயசுக்கு வந்த பிறகுதானே மாமி தோட்ட வேலைக்குப் பேர் பதிஞ்சீங்க? தலையில கூடையை மாட்டிக்கிட்டு எத்தனை வருசம் மலை ஏறி இறங்கினீங்க?" அந்தக் கூடையின் பாரத்தைத் தாங்கிய உடம்புதான் ஐந்தாறு பிள்ளைகளையும் பெற்றது.

ஆட வேண்டிய காலமே இதுதான் என்பதற்கு வலுவான காரணம் எலும்பு. வளர்ந்து முடிந்தபின் இருக்கப்போகும் எலும்புத் திண்மையில் ஏறத்தாழ கால் பங்கு, வேகமாக வளரும் இரண்டே வருடத்தில் சேர்கிறது. துள்ளும்போதும் ஓடும்போதும்தான் எலும்புக்கு அந்தத் தூண்டுதல் கிடைக்கும்.

மாதவிடாய் நாளில் விளையாடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தால் விளையாடலாம். மெல்ல நடந்தாலே பலருக்கு அடிவயிற்றுப் பிடிப்பு குறையும். பாவாடைக்கு உள்ளே கறுப்பு ஷார்ட்ஸ் ஒன்று, பையில் மாற்றுப் பேட் ஒன்று. நாலிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் மாற்ற வேண்டும். துணி பாவிப்பவர்கள் நன்றாகக் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். பனிமூட்ட நாளில் இஸ்திரிக்கைப்பெட்டிச் சூட்டால் முழுதாக உலர்த்தி எடுங்கள். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலத்துக்கே பேட் நனைந்து போனாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், விளையாட்டை விட்டுவிடச் சொல்லாமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

வலைப்பந்து வீராங்கனை, தரம் 10, மஸ்கெலியா: போன வருசம் வரைக்கும் நல்லா விளையாடினேன். இப்ப பந்தைப் பிடிச்சு இறங்கும்போது முழங்கால் உள்பக்கமா மடங்குது, வலிக்குது. உடம்பு எனக்கே பிடிபடல. தரம் குறைஞ்சிட்டா?

தரம் குறையவில்லை, கால் நீண்டிருக்கிறது. இந்த வயதில் எலும்பு முந்திக்கொண்டு வளரும், தசை பிந்தித்தான் வந்து சேரும். பதினொரு வயதில் லாவகமாக ஓடிய பிள்ளை பதின்மூன்றில் தட்டுத்தடுமாறுவது இதனால்தான். பயிற்சி கொடுத்தால் மறுபடி பிடிபடும்.

ஆனால் முழங்கால் உள்ளே மடங்குவதை அலட்சியம் செய்யாதீர்கள். துள்ளி இறங்கித் திரும்பும் விளையாட்டுகளில் முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் அறுவது ஆண்பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். வலைப்பந்தில் ஆபத்து இன்னும் கூட. பந்தோடு ஓட முடியாது, பிடித்தவுடன் சடாரென்று நிற்க வேண்டும், மூன்று செக்கனுக்குள் பந்தை விட வேண்டும். அந்தத் திடீர் நிறுத்தம் முழுவதும் முழங்காலில் வந்து விழுகிறது. நம் மைதானங்களில் மழைக்குப் பிறகு சிவப்பு மண் சேறாகும், தேய்ந்த கென்வஸ் சப்பாத்து வழுக்கும். இரண்டும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை.

இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். லயத்து வாசற்படி போதும். 20 சென்றிமீற்றர் உயரம் இருந்தால் சரி. படியிலிருந்து முன்னால் காலை எடுத்து வைத்து, இரண்டு காலிலும் ஒன்றாக இறங்குங்கள். முன்பாதம் முதலில், குதி பிறகு. உடனே முழங்காலை மடக்கி, இடுப்பைக் கதிரையில் உட்காரப்போவது போலப் பின்னுக்கு விட்டு, மூன்று எண்ணும்வரை அசையாமல் நில்லுங்கள். குனிந்து பார்த்தால் இரண்டு முழங்காலும் காலின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் அதுதான் உங்கள் பிழை. காதையும் பாவியுங்கள்: "தொப்" என்று சத்தம் கேட்டால் கால் விறைப்பாக இருக்கிறது. பூனை குதிப்பது போலச் சத்தமில்லாமல் இறங்கும்வரை விடாதீர்கள். எட்டுத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. கிழமைக்கு மூன்று நாள்.

முதல் இரண்டு கிழமைக்கு இது மட்டும்தான். அடுத்த இரண்டு கிழமை நின்ற இடத்திலிருந்து முன்னே பாய்ந்து இறங்குதல். பிறகு ஒற்றைக் காலில். அதுவும் நேராக வந்தபின்தான் தோழியைப் பந்து போடச் சொல்லி, பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே ஒற்றைக் காலுக்குப் போகிறவர்கள் பழைய பிழையையே மனப்பாடம் செய்கிறார்கள். இதோடு தொடைப் பின்தசைக்கு ஒன்று: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பைத் தூக்கி இரண்டு எண்ணி இறக்குங்கள். பத்து, பிறகு இன்னொரு பத்து. இப்போது வலி இருப்பதால், துள்ளுவதைத் தொடங்குமுன் ஒரு தடவை வைத்தியரிடம் காலைக் காட்டுங்கள். அதுவரை இடுப்பு தூக்கும் பயிற்சி மட்டும் போதும்.

ஒரு நாள் "டப்" என்ற உணர்வோடு விழுந்து, சில மணித்தியாலத்துக்குள் முழங்கால் வீங்கினால் சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். சுடு எண்ணெய் போட்டு நீவினால் உள்ளே இரத்தக்கசிவு கூடும். பீலித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பதினைந்து நிமிடம் சுற்றி, காலை உயர்த்தி வைத்து, வைத்தியசாலைக்குப் போங்கள்.

தரம் 8 மாணவி, பதுளை: வகுப்புல என்னைக் "குண்டு"ன்னுதான் கூப்பிடுறாங்க. ராவுச் சாப்பாட்டை நிறுத்திட்டு ஓட நினைக்கிறேன். எத்தனை கிலோ குறைக்கணும்?

கிலோவை விடுவோம். இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது உடம்பு பெண்ணாக வளர்வதன் ஒரு பகுதி. உயரமும் இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. தராசில் ஏறி இறங்கினால் வளர்வதையே தோல்வி என்று எண்ணத் தோன்றும்.

ராச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டினால் உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பில் கை வைக்கும். மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போனால் அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விடயம். குறைக்க வேண்டுமானால் சீனித் தேத்தண்ணியையும் பைக்கற் பலகாரத்தையும் குறையுங்கள்.

ஓட ஆசைப்பட்டது நல்லது. தோட்டப் பாதையில் மேட்டுப் பக்கம் வேகமாக நடங்கள், சமனான துண்டில் ஓடுங்கள், இறக்கத்தில் ஓடவே வேண்டாம். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். பழகாத காலுக்கு இரண்டு நாள் படி இறங்க முடியாத வலி வரும், முன்னங்கால் எலும்பும் நோகும். முதல் கிழமை ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு தடவை. கிழமைக்கு மூன்று நாள். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிற வேகம் போதும். அடுத்தடுத்த கிழமைகளில் ஓட்டத்தை அரை அரை நிமிடமாகக் கூட்டுங்கள். கொப்பியில் எத்தனை நிமிடம் நிற்காமல் ஓடினேன் என்று மட்டும் எழுதுங்கள். ஆறு கிழமையில் அந்த எண் மாறும், அதை நீங்களே பார்ப்பீர்கள். "குண்டு" என்ற பேரை வகுப்பாசிரியர் கூப்பிட்டு நிறுத்த வேண்டும். உங்கள் அம்மாவை ஒரு நாள் பாடசாலைக்கு வரச் சொல்லுங்கள்.

ஒரு தந்தை, லிந்துலை: பிள்ளை நல்லா ஓடுவா. இந்தத் தவணையில ரெண்டு சுற்றிலேயே மூச்சு வாங்குது, தலை சுத்துது. சோம்பலா?

சோம்பல் என்று சொல்லுமுன் இரத்தத்தைப் பாருங்கள். மாதவிடாய் தொடங்கியபின் இரும்புச்சத்துக் குறைவது மிகச் சாதாரணம். கண்ணின் கீழ் இமையை இழுத்தால் வெளிறியிருக்கிறதா, மண், அரிசி தின்னும் ஆசை இருக்கிறதா என்று கவனியுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் ஹீமோகுளோபின் பார்க்கலாம். பெண்பிள்ளைக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் குறைவு. அளவு சரியாக இருந்தும் தலை சுற்றினால் வைத்தியர் வேறு காரணம் தேட வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு காரணம் சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணியில் இருக்கிறது. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தைக் குடலிலேயே கட்டிப்போடும். காலையில் ரொட்டியோடு சாயத்தண்ணி, பகலில் சோற்றுக்குப் பின் இன்னொன்று என்றால் கீரையும் பருப்பும் சாப்பிட்டும் பெரும்பகுதி வீண். தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ குடிக்கட்டும். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள், சோற்றுக்குப் பின் ஒரு கொய்யா கொடுங்கள். அவற்றில் உள்ள விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். நெத்தலிக் கருவாடு, கடலை, பயறு, முடிந்தபோது ஈரல். பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் கழிவு கறுப்பாகப் போகிறது என்று பயந்து எறிய வேண்டாம், அது இயல்பு. அதையும் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது.

இன்னொன்று: பாடசாலை ஒன்றரைக்கு விடும், பயிற்சி இரண்டுக்கு. காலை ரொட்டிதான் அதுவரை வயிற்றில். பையில் ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி அவித்த கடலையும் இருக்கட்டும்.

ஒரு தாய், ஹப்புத்தளை: பதின்மூணு வயசிலேயே என்னை விட ஒரு அடி உயரம். கூனிக் கூனி நடக்கிறா.

யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்த வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைக் காட்டுங்கள். ஆறடி பத்து அங்குலம். இலங்கை 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற அணிகளில் இருந்தவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவர். வலைப்பந்து வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே உங்கள் மகளின் உயரம் ஒரு தகுதி. கூனலுக்கு: இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய ஒரு லீற்றர் போத்தல், இடுப்பில் மடங்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பின்னுக்கு இழுக்கட்டும். பன்னிரண்டு, இரண்டு தடவை. உடுப்பு குட்டையாகிவிட்டதா என்றும் பாருங்கள். ஏறிப்போன சட்டையை இழுத்து மறைக்கவும் பிள்ளைகள் குனிவார்கள்.

மாணவி, நுவரெலியா: விளையாடினா கறுத்துப் போவேன், ஆம்பிளை மாதிரி கை கால் ஆகிடும்னு அக்கா சொல்றா.

தசை ஆண்களைப் போலப் புடைக்கத் தேவையான ஹோர்மோன் பெண் உடம்பில் மிகக் குறைவு. கை உறுதியாகும், அவ்வளவுதான். வெயில் பட்டால் நிறம் கூடும், அதில் இழப்பு எதுவும் இல்லை. தோல் எரியாமல் பார்ப்பது மட்டும் அவசியம். 1,000 மீற்றர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்து வீதத்துக்கும் மேல் கூடும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. குளிர்கிறதே என்று ஏமாறாமல் தொப்பி போடுங்கள்.

உடற்கல்வி ஆசிரியை, கொட்டகலை: தரம் 9இல் இருபது பெண்பிள்ளைகள். பயிற்சிக்கு ஆறு பேர்தான் வருகிறார்கள்.

வராத பதினான்கு பேரிடம், பெயர் எழுதாத துண்டுக் கடதாசியில் "ஏன்?" என்று கேளுங்கள் டீச்சர். கழிப்பறைத் திறப்பு யாரிடம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பையன்கள் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்ற மூன்றும் அநேகமாக அதில் இருக்கும். பயிற்சியை பஸ்ஸுக்கு அரை மணி முந்தி முடியுங்கள். கழிப்பறைத் திறப்பையும் இரண்டு பேட்டையும் ஒரு டப்பாவில் போட்டு, கேட்காமலே எடுக்கிற இடத்தில் வையுங்கள்.

பாவாடை வேண்டாம் என்பவர்கள் ட்ரக் பொட்டம் போடட்டும். நிறை பார்ப்பதென்றால் தனியாக, சத்தமாக வாசிக்காமல். தலைவிகள் இருவர் மாறி மாறி ஆள் பொறுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். கடைசியாக நிற்கும் பிள்ளை அடுத்த நாள் வர மாட்டாள். இலக்கம் சொல்லிப் பிரியுங்கள். இருபது பேருக்கு ஒரு பந்து என்றால் பதினாறு பேர் சும்மா நிற்பார்கள், சும்மா நிற்கிறவளுக்குத்தான் தன் உடம்பை எல்லோரும் பார்ப்பதாகத் தோன்றும். நான்கு பேருக்கு ஒரு பந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாற்றம் என்று வையுங்கள்.

வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் பிள்ளையைத் தொட்டுத் திருத்த வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும், எல்லோரும் பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். தனி அறை, தனிப்பட்ட இரவுக் குறுஞ்செய்தி இரண்டுக்கும் இடமில்லை. சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைப் பிள்ளையும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.

மாணவி, அக்கரப்பத்தனை: எங்க லயத்துல மைதானம் இல்ல. காம்பிராவும் சின்னது. வீட்டுல என்ன செய்யலாம்?

பாய் விரிக்கிற இடம் போதும். கதிரையில் உட்காரப்போய் அதைத் தொட்டவுடன் எழும்புதல் பன்னிரண்டு. சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் பத்து. சுலபமானதும் வாங்கில், பிறகு தரையில். முழங்கையும் கால்விரலும் ஊன்றி, முதுகு பலகை போல நேராக இருபது செக்கன். இடுப்பு தொய்ந்தால் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அடிமுதுகுதான் நோகும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கலாம். எல்லாவற்றையும் இடையில் ஓய்வு விட்டு மூன்று சுற்றுச் செய்தாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு. கயிறு துள்ளுவதை மட்டும் வாசலில், மழை விட்டபிறகு வைத்துக்கொள்ளுங்கள். சீமெந்துத் தரை வழுக்கும், அடுத்த காம்பிராவில் இரவு வேலைக்குப் போய் வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார்.